முதல் ஃபெஷ்: பிள்ளையை ஐரிஷ் நடனப் போட்டிக்கு அனுப்பும் வீட்டாருக்கு

1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிடம் போல ‘ரிவர்டான்ஸ்’ ஆடினார்கள். மைக்கேல் ஃப்ளாட்லியும் ஜீன் பட்லரும் முன்னால். பின்னால் ஒரே வரிசையாகத் தட்டும் கால்கள். அதற்கப்புறம் ஐரிஷ் நடன வகுப்புகளுக்கு உலகம் முழுக்கக் கூட்டம் சேர்ந்தது. உங்கள் பிள்ளையும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டோ, பள்ளித் தோழி ஆடுவதைப் பார்த்துவிட்டோதான் கேட்டிருக்கும். ஆனால் அது போய் ஆடப்போகும் இடம் அப்படியெல்லாம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டரங்கு, உள்ளே நாலைந்து மேடை, ஒவ்வொரு மேடையோரமும் ஓர் அக்கார்டியன், இடுப்பில் எண் அட்டை குத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள், சுவரோரமாக மடக்கு நாற்காலியில் அம்மா அப்பாக்கள். இந்தப் போட்டிக்குத்தான் ஃபெஷ் என்று பெயர்.

அயர்லாந்தில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிரேடு (பிள்ளையின் தேர்ச்சிக்கேற்ற போட்டிப் படி) பெயர்கள் மாறும், மற்றபடி பெரும்பாலும் இதே கதைதான். ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளை எந்தக் கிரேடில் இருக்கிறதோ அந்த அளவுக்கே வீட்டின் செலவும் அலைச்சலும் இருக்கட்டும். இந்த உலகத்தில் பணமும் ஆசையும் பிள்ளையின் காலை முந்திக்கொண்டு ஓடுவது ரொம்பச் சுலபம்.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

பக்கத்தில் எந்த வகுப்பு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அது எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று கேளுங்கள். இருப்பதிலேயே பெரியது சி.எல்.ஆர்.ஜி. எனப்படும் ஐரிஷ் நடன ஆணையம். ஐரிஷ் மொழியை மீட்க 1893-ல் தொடங்கிய கேலிக் லீக் இயக்கத்திலிருந்து பிறந்தது. இதைத் தவிர, ஆசிரியர்கள் பிரிந்துபோய் ஆரம்பித்த கோவால் என்கிற அமைப்பு, டபிள்யூ.ஐ.டி.ஏ. என்று இன்னும் சில இருக்கின்றன. சி.எல்.ஆர்.ஜி. பள்ளியில் படிக்கும் பிள்ளை பெரும்பாலும் சி.எல்.ஆர்.ஜி. ஃபெஷ்ஷில்தான் ஆடும். ‘ஓப்பன் பிளாட்ஃபார்ம்’ என்று போடும் ஃபெஷ்களில் யாரும் கலந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் வேறு வேறு அமைப்பில் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒரே மேடையில் சந்திக்காமலே போகக்கூடும். சேர்ந்து போகிற ஆசையில்தான் பல பிள்ளைகள் வகுப்புக்கே வருகின்றன என்பதால் இதைச் சொல்கிறேன்.

சி.எல்.ஆர்.ஜி. ஆசிரியர் என்றால் பெயருக்குப் பின்னால் டி.சி.ஆர்.ஜி. என்று இருக்க வேண்டும். தேர்வு எழுதி, ஆடிக் காட்டி, கற்பித்துக் காட்டி வாங்கும் தகுதி அது. நடுவர் தகுதி ஏ.டி.சி.ஆர்.ஜி. டீச்சரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். முதல் ஃபெஷ்ஷுக்கு வழக்கமாக எப்போது அனுப்புவீர்கள்? ஒரு வருஷத்தில் எத்தனை ஃபெஷ் எதிர்பார்க்கிறீர்கள்? போட்டி வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு உங்கள் பள்ளியில் என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் தாராளமாகச் சேர்க்கலாம்.

சேர்ந்த பிறகு பள்ளி மாறுவது அவ்வளவு லேசான காரியமில்லை. காத்திருப்புக் காலம் போன்ற விதிகள் குறுக்கே வரலாம். ஆகவே சேர்க்கும் முன்பே ஒரு வகுப்பு முழுக்க வெளியே உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் பெற்றோரை உள்ளே விட மாட்டார்கள், ஆனால் டீச்சர் பிள்ளைகளிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்பது கதவைத் தாண்டிக் கேட்கும்.

என்ன ஆடுவார்கள்

மெல்லிய ஷூவில் நான்கு நடனம்: ரீல், லைட் ஜிக், சிங்கிள் ஜிக், ஸ்லிப் ஜிக். கட்டை ஷூவில் ட்ரெபிள் ஜிக் (அயர்லாந்தில் ஹெவி ஜிக் என்றும் சொல்வார்கள்), ஹார்ன்பைப், அப்புறம் தனித்தனி மெட்டுக்கென்றே அமைந்த செட் நடனங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதலில் வருவது ரீலும் லைட் ஜிகும். ‘ஒன் டூ த்ரீ’, பக்கவாட்டில் நகரும் ‘செவன்ஸ்’ என்று இரண்டு அசைவை வைத்துக்கொண்டே பல வாரம் ஓட்டுவார்கள். இன்னும் ஒன்றுமே சொல்லித்தரவில்லையே என்று நினைக்க வேண்டாம். உலகப் போட்டிக்குப் போகிறவர்களின் ஆட்டத்துக்கும் அதுதான் அஸ்திவாரம்.

தாளம் தெரிந்த வீடாக இருந்தால் பிள்ளைக்குப் பெரிய உதவி செய்யலாம். ரீல் 4/4, ஜிக் 6/8. வீட்டுக் கணக்கில் முதலாவது தகதிமி, இரண்டாவது தகிட தகிட. குழப்புவது ஸ்லிப் ஜிக். 9/8 என்றதும் நம் கை சங்கீர்ணத்துக்குப் போய் ‘தகதிமி தகதகிட’ என்று நாலும் ஐந்துமாகப் பிரிக்கும். அது அப்படியில்லை, ‘தகிட தகிட தகிட’ என்று மூன்று மூன்றாகத்தான் ஓடும். பரதம் கற்ற பிள்ளை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அரைமண்டியில் தரையை நோக்கி இறங்கிப் பழகிய உடம்பு, இங்கே முன்காலில் எழும்பி நிற்க வேண்டும். முட்டி ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக வர வேண்டும். கை பக்கவாட்டில் அசையாமல் இருக்க வேண்டும். கை ஏன் அசையக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள், பாதிரியார் தடை, குறுகலான வீடு, ஆங்கிலேயருக்குத் தெரியாமல் ஆடியது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதையும் சத்தியம் செய்து நம்ப வேண்டாம். நடுவர் பார்ப்பது உங்கள் பிள்ளையின் கை அசைந்ததா இல்லையா என்பதை மட்டும்தான்.

வெளியாட்களுக்குத் தலைகீழாகத் தோன்றும் ஒன்று: கிரேடு ஏற ஏற இசை மெதுவாகும். ஆரம்பக் கிரேடுகளில் ட்ரெபிள் ஜிக் பழைய வேகத்தில், மெட்ரோனோமில் (தாள வேகத்தை எண்ணும் கருவி) 92-ல் ஓடும். மேலே போனால் 73. ஹார்ன்பைப் 138-லிருந்து 113-க்கு இறங்கும். மெதுவான இசை என்றால் இரண்டு தாளத்துக்கு நடுவே நிறைய இடம் கிடைக்கும், அந்த இடத்தில் நிறையத் தட்டலைத் திணிக்கலாம். ஆகவே வீட்டில் யூடியூப்பில் கிடைத்த இசைக்கு ஆட விடாதீர்கள்; என்ன வேகம் என்று டீச்சரிடம் கேட்டு அதையே போடுங்கள். தாளம் தப்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பரிசு வராது.

கிரேடும் வயதும்

வயதைக் கணக்கிடுவது ஜனவரி 1 அன்று. அன்றைக்குப் பிள்ளைக்கு 7 என்றால், பிப்ரவரியிலேயே 8 முடிந்தாலும் அந்த வருஷம் முழுக்க 8-க்கு உட்பட்ட பிரிவில்தான் ஆடும்.

அயர்லாந்தில் கிரேடுகள் பன் கிராட், டூஸ் கிராட், மியான் கிராட், ஆர்ட் கிராட் என்று ஏறும். இங்கிலாந்தில் பிகினர், பிரைமரி, இன்டர்மீடியட், ஓப்பன். அமெரிக்காவில் பிகினர், அட்வான்ஸ்டு பிகினர், நாவிஸ், பிரைஸ்வின்னர், அதற்கு மேல் பிரிலிமினரி சாம்பியன்ஷிப், ஓப்பன் சாம்பியன்ஷிப். ஒவ்வொரு நடனத்துக்கும் கிரேடு தனித்தனியாக ஏறும் என்பதைப் புதியவர்கள் பலரும் கவனிப்பதில்லை. ரீலில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை ரீலில் மட்டும் மேலே போகும், ஸ்லிப் ஜிகில் பழைய கிரேடிலேயே இருக்கும். எத்தனை பேர் ஆடிய போட்டியாக இருந்தால் அந்த முதல் பரிசு கணக்கில் சேரும் என்பதற்கு இடத்துக்கு இடம் விதி உண்டு. வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு, எந்த ஃபெஷ், எந்த நடனம், எந்தக் கிரேடு, எத்தனை பேரில் எத்தனாவது என்று எழுதி வையுங்கள். அடுத்த ஃபெஷ்ஷுக்குப் பதியும்போது தவறான கிரேடில் போட்டுவிட்டால் வாங்கிய பரிசைத் திருப்பித்தர வேண்டிவரும்.

மேலே போவதற்குப் பிள்ளையைவிட வீட்டார் அவசரப்படுவதை எல்லா ஃபெஷ்ஷிலும் பார்க்கலாம். பன் கிராடில் ஒரு வருஷம் கூடுதலாக இருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது. அங்கே உறுதிப்படாத முன்காலும் நிமிர்வும் மியான் கிராடில் எல்லோருக்கும் தெரியும்.

உடுப்பு, டோப்பா, பணம்

இதில்தான் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஃபெஷ்ஷுக்குத் தேவையானவை: கறுப்பு மெல்லிய ஷூ, வெள்ளை சாக்ஸ், பள்ளியின் உடுப்பு அல்லது டீச்சர் சொல்லும் சாதாரணப் பாவாடையும் மேல்சட்டையும். அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் போடும் மெல்லிய ஷூவுக்கு கில்லி என்று பெயர். கயிற்றால் பாதத்தில் இறுகக் கட்டுவது. விரல் நுனி தோலில் முட்டிக்கொண்டிருக்கும் அளவு சரியான அளவு. வளர்ந்துவிடுவாள் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் பாதத்தின் வளைவு வெளியே தெரியாது, அந்த வளைவைத்தான் நடுவர் தேடுகிறார். பையன்களின் மெல்லிய ஷூவில் கெட்டியான குதி இருக்கும், அந்தரத்தில் குதியோடு குதி தட்டிச் சத்தம் எழுப்ப. கட்டை ஷூவின் முனையும் குதியும் ஃபைபர் கிளாஸ். புதிதாக வாங்கினால் நூறு யூரோவைத் தாண்டும். சத்தத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளை முதல் மாதமே கேட்கும். டீச்சர் சொன்ன பிறகு வாங்கினால் போதும். வளரும் கால் என்பதால் பள்ளிக்குள்ளேயே கைமாறும் ஷூக்கள் நிறைய உண்டு, முதலில் அங்கே விசாரியுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கிரேடுகளில் மேக்கப் கூடாது என்பது சி.எல்.ஆர்.ஜி. விதி. அந்த விதி வந்ததே, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒட்டு இமையும் பழுப்புப் பூச்சும் போட்டு அனுப்பியவர்களால்தான். நல்ல விதி.

மேடையில் நீங்கள் பார்க்கும் பளபளப்பான கல் பதித்த கவுன், ‘சோலோ டிரெஸ்’. புதிதாகத் தைத்தால் ஆயிரம் யூரோவுக்கு மேல். இரண்டாயிரத்தைத் தாண்டுவதும் சகஜம். பல மாதம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். ஆரம்பக் கிரேடுகளில் பல இடங்களில் இதை அணிய அனுமதியே இல்லை. அனுமதிக்கும் கிரேடு வந்த பிறகும் முதல் கவுன் செகண்ட் ஹேண்டாக இருக்கட்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பக்கத்திலும் தோளிலும் பிரித்துவிடத் தையலுக்குள் துணி இருக்கிறதா, உள்புறம் வியர்வைக் கறை எப்படி, கல் எத்தனை உதிர்ந்திருக்கிறது, பாவாடை முட்டிக்கு எவ்வளவு மேலே நிற்கிறது. பிள்ளையை அதைப் போட்டுக்கொண்டு ஒரு ரீல் முழுக்க ஆடச் சொல்லுங்கள். கண்ணாடி முன் அழகாக நிற்கும் கவுன் சில சமயம் குதித்து இறங்கும்போது கழுத்து வரை ஏறிவிடும். நல்ல கவுனைப் பத்திரமாக வைத்திருந்து விற்றால் போட்டதில் பாதிக்குக் குறையாமல் திரும்பி வரலாம். சட்டென்று ஃபேஷன் மாறும் உலகம் இது என்பதால் விற்க நினைத்தால் உடனே விற்றுவிடுங்கள்.

பையன்களைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கறுப்புக் கால்சட்டை, சட்டை, ஒரு வெயிஸ்ட்கோட்டில் நீண்ட காலம் ஓட்டலாம்.

சுருள் சுருளாகத் தொங்கும் முடி பெரும்பாலும் டோப்பா. முன்பெல்லாம் இரவெல்லாம் சுருட்டி வைத்துத் தூங்க வைப்பார்கள். அந்தத் தொல்லைக்கு டோப்பா எவ்வளவோ தேவலை என்று மூத்த அம்மாக்கள் சொல்வார்கள். முதல் ஃபெஷ்ஷுக்கு அது கட்டாயமில்லை, இறுகப் பின்னி ஒரு ரிப்பன் போதும். இன்றைக்குக் கொண்டையோடு ஆடும் பெரிய போட்டியாளர்களும் இருக்கிறார்கள். வாங்கினால் பிள்ளையின் சொந்த முடியின் நிறத்துக்கு வாங்குங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளின் கருமைக்குச் சரியான நிறம் கடையில் முதலில் கண்ணில் படாது, தேடினால் கிடைக்கும். அடர்பழுப்பைத் தலையில் ஏற்றிவிட்டு ‘தூரத்திலிருந்து தெரியாது’ என்று சொல்வார்கள். தெரியும்.

வீட்டில் பயிற்சி

தினம் கால் மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. இதற்கு மேல் சின்னப் பிள்ளைக்குத் தேவையில்லை. இடம்தான் முக்கியம். சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் குதிக்க விடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி, குதிகால் வலி, கணுக்கால் சுளுக்கு என்று ஆடும் பிள்ளைகளுக்கு வருவதில் பலவும் கெட்டித் தரையில், களைத்த காலோடு மறுபடி மறுபடி குதிப்பதால் வருபவை. கனமான ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி, கீழே ரப்பர் விரிப்புப் போட்டால் நல்ல பயிற்சி மேடை தயார். அடுக்குமாடியில் இருந்தால் கட்டை ஷூவைக் கீழ்வீட்டார் வெளியே போயிருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் சாக்ஸோடு தாளத்தை வாயால் சொல்லி நடந்து பார்க்கலாம், அதுவும் பயிற்சிதான். வளரும் வயதில் ஒரே இடத்தில் தொடர்ந்து வலி என்றால் ‘ஃபெஷ் முடியட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் பிசியோவிடம் காட்டுங்கள். எலும்பில் சின்ன விரிசலாக இருந்தால் மாதக்கணக்கில் உட்கார வேண்டிவரும்.

ஒவ்வொரு அடியையும் (ஸ்டெப்) வலது காலில் ஆடியபின் அப்படியே இடது காலிலும் ஆட வேண்டும். இடது கால் எப்போதும் சோம்பல். அதனால் பயிற்சியை இடது காலில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அடிகளை அமைப்பது டீச்சர், அவை பள்ளியின் சொத்து போல. பிள்ளை ஆடுவதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுப் பாட்டிக்குக் காட்டலாம் என்று தோன்றும். டீச்சரைக் கேட்காமல் போடாதீர்கள், பாட்டிக்கு வாட்சாப்பில் அனுப்பினால் போதும். ஃபெஷ் நடக்கும் இடத்தில் மேடையில் ஆடுபவர்களை வீடியோ எடுப்பதற்கு அநேகமாக எங்கும் தடை.

அன்றைய நாள்

பதிவு இணையத்தில்தான். கடைசி நாளுக்கு முன்பே இடம் நிரம்பிவிடுவது உண்டு. முதல் தடவைக்கு இரண்டு அல்லது மூன்று நடனம் போதும்.

பையில் வைக்க வேண்டியவை: இரண்டு ஜோடி சாக்ஸ், மாற்று ஷூக் கயிறு, சாக்ஸைக் காலோடு ஒட்டும் பசை (உருட்டிப் பூசும் குப்பியில் வரும்), நிறைய ஊக்கு, கொண்டை ஊசி, கறுப்பு டேப், தண்ணீர், வாழைப்பழம், கவுனுக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு பழைய ஸ்வெட்டரும் தொளதொளப் பேன்ட்டும். கறுப்பு டேப் கட்டை ஷூவின் வார் அவிழாமல் சுற்றி ஒட்ட. உடுப்போடு சாக்லேட்டும் சாஸும் வேண்டாம். மடக்கு நாற்காலியை மறந்தால் நாள் முழுக்கத் தரையில்தான் உட்கார வேண்டும்.

போனதும் எண் அட்டையை வாங்குங்கள். எந்த மேடையில் எத்தனாவது போட்டி என்று ஒட்டியிருப்பார்கள். நேரம் சொன்னால் நம்ப வேண்டாம். சில மேடை முந்தி ஓடும், சில மேடை ஒரு மணி நேரம் பின்தங்கும். உங்கள் போட்டி எண்ணுக்கு இரண்டு எண் முன்னாலேயே மேடையோரம் போய்விடுங்கள்.

மேடையோரத்தில் ஒரு பெண் கையில் பட்டியலோடு நிற்பார், பிள்ளைகளை எண் வரிசையில் பெஞ்சில் உட்கார வைப்பார். அங்கே உங்கள் வேலை முடிந்தது, பின்னால் போய்விட வேண்டும். ஆரம்பக் கிரேடில் இரண்டு அல்லது மூன்று பேராக மேடையேறுவார்கள். வேறு வேறு பள்ளிப் பிள்ளைகள், வேறு வேறு அடி, ஒரே இசை. பின்வரிசையில் நிற்பார்கள், அக்கார்டியன் தொடங்கியதும் ஆட மாட்டார்கள். முதல் எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) இசை ஓடட்டும் என்று காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் முன்னே நடந்து வந்து, வலது பாதத்தை நீட்டி வைத்து, நிமிர்ந்து நிற்பார்கள். முதல் ஃபெஷ் பிள்ளைகளில் ஒன்றாவது இரண்டு பார் முன்னாலேயே கிளம்பிவிடும், பக்கத்துப் பிள்ளையும் அதைப் பார்த்துக் கிளம்பும். வீட்டில் இந்த எட்டு பாரை மட்டும் தனியாகப் பழக்குங்கள். ஆடி முடித்ததும் பழைய வரிசைக்குப் பின்னால் நகர்ந்து, நடுவருக்கு ஒரு வணக்கம், இசைக்கலைஞருக்கு ஒரு வணக்கம். கீழே மேசையில் நடுவர் மணி அடித்தால் அடுத்த ஜோடி.

அடி மறந்துபோகும். மறந்தால் நிற்காமல் தெரிந்த எதையாவது தாளத்தில் ஆடிக்கொண்டே இருக்கப் பழக்குங்கள். இன்னொரு பிள்ளையோடு மோதுவதும் நடக்கும். அப்படி நின்றுபோனால் பெரும்பாலான நடுவர்கள் மறுபடி ஆட விடுவார்கள். அழுதுகொண்டு ஓடி வந்தால் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள். நடுவரிடம் போய் விளக்கம் கேட்காதீர்கள். கேள்வி இருந்தால் டீச்சர் வழியாகத்தான் கேட்க வேண்டும், அதுவும் பின்னொரு நாள்.

முடிவுகளைப் படிப்பது

ஆரம்பக் கிரேடில் ஒரே நடுவர்தான் மார்க் போடுவார். ஆகவே ஒரு ஞாயிறு முதல் பரிசு, அடுத்த ஞாயிறு அதே ஆட்டத்துக்கு ஒன்றுமில்லை என்று வரும். ஒருவர் நிமிர்வைப் பார்ப்பார், இன்னொருவர் தாளத்தில் விடாப்பிடி. மதிப்பெண் தாள் கிடைத்தால் எண்ணை விட்டுவிட்டு, ஓரத்தில் எழுதியிருக்கும் இரண்டு வரியை டீச்சரிடம் காட்டுங்கள்.

சாம்பியன்ஷிப் கிரேடுக்குப் போனால் கணக்கு வேறு. குறைந்தது மூன்று நடுவர்கள். ஒவ்வொருவரும் போடும் மார்க்கை வரிசையாக்கி, அந்த இடத்துக்குப் புள்ளி தருவார்கள்: முதலிடம் 100, இரண்டாமிடம் 75, மூன்றாமிடம் 65, நான்காமிடம் 60, ஐந்தாமிடம் 56, ஆறாமிடம் 53 என்று இறங்கும். மூன்று நடுவரிடமும் இரண்டாமிடம் வாங்கிய பிள்ளைக்கு 225. ஒருவரிடம் முதலிடமும் மற்ற இருவரிடம் நான்காமிடமும் வாங்கிய பிள்ளைக்கு 220. ஒரு முதலிடம்கூட இல்லாத பிள்ளை மேலே. ஆனால் இரண்டு முதலிடத்தோடு ஒரு பத்தாமிடம் (43) வாங்கியவருக்கு 243, அவர் இவர்கள் இருவரையும் தாண்டிவிடுவார். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே 25 புள்ளி என்பதுதான் இதன் சூட்சுமம்.

இந்த உலகத்தில் சண்டை சச்சரவும் உண்டு. 2022-ல் சில ஆசிரியர்களும் நடுவர்களும் போட்டி முடிவுகளைத் தங்களுக்குள் பேசிவைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மேற்பார்வையில் சி.எல்.ஆர்.ஜி. விசாரணை தொடங்கியது. பன் கிராடில் லைட் ஜிக் ஆடும் பிள்ளைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கோப்பையை வைத்து மட்டும் பிள்ளையை அளக்காமல் இருக்க இது இன்னொரு காரணம்.

வீட்டார் யார் என்ன செய்வது

வண்டி ஓட்டுபவர் ஒருவர், தலைமுடியும் உடுப்பும் பார்ப்பவர் ஒருவர் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் திருத்துகிறவர் வீட்டில் யாரும் வேண்டாம். அந்த வேலைக்கு டீச்சர் சம்பளம் வாங்குகிறார். தம்பி தங்கையைக் கூட்டிப்போனால் அவர்களுக்கென்று ஏதாவது கொண்டுபோங்கள். எட்டு மணி நேரம் ஒரே அக்கார்டியனைக் கேட்பது யாருக்கும் தண்டனைதான். தாத்தா பாட்டி வந்திருந்தால் முழு நாளும் வைத்திருக்காமல், பிள்ளை ஆடும் நேரத்துக்கு மட்டும் அழைத்து வாருங்கள்.

திரும்பி வரும் வண்டியில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். பிள்ளை ஆரம்பித்தால் கேளுங்கள். ‘அந்தச் சிவப்பு உடுப்புப் பொண்ணு எவ்வளவு நல்லா குதிச்சா பாத்தியா’ என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம். வாரா வாரம் ஃபெஷ் வேண்டாம். நடுவர் சொன்ன குறையைச் சரிசெய்ய நடுவில் சில வாரம் வேண்டும், இல்லாவிட்டால் அதே குறையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் நடக்கும்.

மேலே என்ன இருக்கிறது

நவம்பர் வாக்கில் மாகாணச் சாம்பியன்ஷிப்கள்: லென்ஸ்டர், மன்ஸ்டர், கானக்ட், அல்ஸ்டர். அங்கே தேறுகிறவர்கள் உலகப் போட்டிக்குப் போகலாம். உலகப் போட்டி ஈஸ்டரை ஒட்டி நடக்கும். முதலாவது 1970-ல் டப்ளினில். அயர்லாந்துத் தீவை விட்டு வெளியே முதல் தடவை 2002-ல் கிளாஸ்கோவில். அமெரிக்காவில் முதல் தடவை 2009-ல் ஃபிலடெல்ஃபியாவில். கட்டை ஷூ ஒரு சுற்று, மெல்லிய ஷூ ஒரு சுற்று. அதில் மேலே வருகிறவர்களை மட்டும் மூன்றாவது சுற்றுக்குக் கூப்பிடுவார்கள், அதில் செட் நடனம் தனியாக ஆட வேண்டும். அங்கே போகும் பிள்ளைகள் வாரத்தில் பல நாள் பயிற்சி செய்கிறவர்கள். உங்கள் பிள்ளைக்கு அந்த ஆசை வந்தால் அதுவே வந்து சொல்லும்.

தனியாக மேடையேறப் பிடிக்காத பிள்ளைக்கு கேய்லி குழு நடனம் இருக்கிறது. நாலு பேர், எட்டுப் பேர் கைகோத்து ஆடுவது. போட்டியும் உண்டு, உலகப் போட்டி வரை உண்டு, செலவு கணிசமாகக் குறைவு. என்னைக் கேட்டால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வருஷமாவது இதில் போட வேண்டும். வரிசையில் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பார்த்து நிற்கப் பழகிய பிள்ளைக்குத் தாளம் தானாக உறைத்துவிடும். போட்டியே வேண்டாம் என்றால் சி.எல்.ஆர்.ஜி. நடத்தும் கிரேடு தேர்வுகள் பன்னிரண்டு இருக்கின்றன. மற்றவர்களோடு ஒப்பிடாமல் ஆளைத் தனியாகப் பார்த்து மதிப்பிடுவார்கள். பின்னாளில் ஆசிரியர் தகுதிக்குப் போக நினைத்தால் இவையும் தேவைப்படும். இந்த இரண்டைப் பற்றியும் செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்போதே டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். குழுக்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுவார்கள், நடுவில் இடம் கிடைப்பது கஷ்டம்.